காற்றுத் தட்டு: உணவுக் கூடத்தில் காற்றின் கிருமிச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அல்வா, தோசை மாவு, ரொட்டி, கடலை மிட்டாய், தண்ணீர்க் கேன் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த யூனிட்டுக்குப் போனாலும் தட்டைக் கையில் எடுத்ததும் அதே கேள்விகள்தான் வரும். தட்டு என்றால், காற்றிலிருந்து விழுகிற கிருமியைப் பிடித்து வளர்த்து எண்ணுவதற்காக ஜெல்லி ஊற்றி, மூடி போட்ட வட்டத் தட்டு. போனில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை, ரிப்போர்ட் போன பிறகு இன்னொரு தடவை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். யார் கேட்டது என்பதை மட்டும் எழுதவில்லை.

"காத்துல கிருமி இருக்கத்தான் செய்யும். அதைப் போயி எதுக்கு மேடம் எண்ணணும்?"

கிருமியே இல்லாத காற்று கிடையாது, சரிதான். ஆனால் கிருமி தானாகப் பறந்து வருவது குறைவு. பெரும்பாலும் தூசியிலும், மாவுத் துகளிலும், நீர்த்துளியிலும், நம் தோலிலிருந்து உதிரும் செதிலிலும் ஒட்டிக்கொண்டு வரும். பூஞ்சை வித்துக்குத்தான் தனியாக மிதக்கிற சாமர்த்தியம் உண்டு. ஆகவே எண்ணிக்கை ஏறினால் எங்கோ தூசி கிளம்புகிறது, எங்கோ ஈரம் நிற்கிறது, அல்லது ஆள் நடமாட்டம் கூடிவிட்டது. அது எது என்று கண்டுபிடிக்கத்தான் எண்ணுகிறோம்.

அல்வா கொதிக்கும்போது சட்டியில் விழுவது பெரும்பாலும் செத்துப்போகும். இறக்கி, தாம்பாளத்தில் ஊற்றி, ஆற வைத்து, வெட்டி, பொட்டலம் போடும் வரைக்கும் சில மணி நேரம் சரக்கு வாய் திறந்து கிடக்கிறது அல்லவா? அப்போது விழுவது வாங்கினவர் வீடு வரைக்கும் போகும். காற்றுச் சோதனை அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.

"தட்டுல ஊத்தி வச்சிருக்க ஜெல்லி என்னது? எங்க வீட்டுல நோன்புக்குக் காய்ச்சுற கடல்பாசி மாதிரியே இருக்கு."

மேலப்பாளையத்தில் ஒரு அக்கா கேட்டது. அதேதான் அக்கா. கடையில் கடல்பாசி என்று வாங்குவதும் எங்கள் அகாரும் ஒரே பொருள். எங்களுடையது இன்னும் கொஞ்சம் சுத்தம் செய்தது. மன்னார் வளைகுடாவில் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் வருகிறது. நீங்கள் பாலும் சீனியும் சேர்க்கிறீர்கள், நாங்கள் கிருமிக்குப் பிடித்த சாப்பாட்டைச் சேர்க்கிறோம். மேலே விழுகிற ஒரு கிருமி, அல்லது கிருமிகள் ஒட்டிய ஒரு துகள், இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகப் பெருகும். அந்தப் புள்ளிக்குப் பெயர் காலனி.

இந்தப் பொருள் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததே காற்றுச் சோதனையால்தான். வால்தர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் மருத்துவர் 1881 வாக்கில், கிருமி ஆராய்ச்சியின் முன்னோடியான ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் காற்றுக் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது ஜெலட்டின்தான் உபயோகம். கோடை வந்தால் இளகி ஓடிவிடும். அவர் மனைவி ஃபேனி, ஜாவாவில் இருந்து வந்த ஒரு பழக்கக்காரரிடம் ஜெல்லி செய்யக் கற்றிருந்தார். அகாரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னது அவர்தான். மூடி போட்ட தட்டு 1887-ல் ஜூலியஸ் பெட்ரி கொடுத்தது. கத்திரி வெயிலில் திசையன்விளையிலிருந்து பஸ்ஸில் வருகிற தட்டு உருகாமல் வந்து சேருவது ஃபேனி அம்மாள் புண்ணியம்.

"தட்டை எங்க வைக்கணும், எம்புட்டு நேரம் திறந்து வைக்கணும்?"

90 மில்லிமீட்டர் தட்டு, தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 1 மணி நேரம். மூன்று ஒன்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு திறந்து கிடக்கிற தாம்பாளம் 80 சென்டிமீட்டர் உயர மேசையில் இருந்தால் தட்டையும் அந்த உயரத்திலேயே, பக்கத்தில் வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே உயரம், அதே நேர அளவு என்பதுதான் முக்கியம். சிலர் 15 நிமிடம் வைப்பார்கள். அதுவும் சரி, ஆனால் 15 நிமிடத் தட்டை 1 மணி நேரத் தட்டோடு ஒப்பிடக் கூடாது.

நம் ஊரில் தொந்தரவு மின்விசிறி. நேர் கீழே வைத்தால் ஒரு மணி நேரத்தில் அகார் காய்ந்து ஓரம் விட்டுச் சுருங்கிவிடும், காய்ந்த அகாரில் கிருமி வளராது, ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். அதனால் தட்டுக்கு 20 மில்லிக்குக் குறையாமல் ஊற்றச் சொல்லுங்கள். மூடியைத் திறக்கும்போது தட்டுக்கு மேல் குனிந்து பேச வேண்டாம். இடத்தின் பெயரை மூடியில் எழுதாமல் அடித்தட்டில் எழுதுங்கள். மூடி மாறிப்போகும், எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. கண்ணாடித் தட்டு வேண்டாம், பிளாஸ்டிக் தட்டு எடுங்கள். உள்ளே எத்தனை போனது, வெளியே எத்தனை வந்தது என்று எண்ணுங்கள்.

"எல்லாத் தட்டும் ஒண்ணுதானா?"

இல்லை. பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் ஒன்று. முதலாவது பிளேட் கவுண்ட் அகார், 30 முதல் 35 டிகிரியில் 2 முதல் 3 நாள். இரண்டாவது டைக்குளோரான் ரோஸ் பெங்கால் மாதிரி பூஞ்சை அகார், 25 டிகிரியில் 5 நாள். ரோஸ் பெங்கால் ஏன் என்றால், ரைசோபஸ் என்கிற பஞ்சுப் பூஞ்சை சும்மா விட்டால் ஒரே இரவில் தட்டு முழுக்கப் படர்ந்து மற்றதையெல்லாம் மூடிவிடும். அதை அடக்கி வைக்கத்தான். கடலை மிட்டாய், அல்வா, பால்கோவா மாதிரி இனிப்பு கூடி ஈரம் குறைந்த சரக்கு என்றால் டி.ஜி. 18 என்ற மூன்றாவது வகை வேண்டும். அது ஏன் என்று பின்னால் அல்வா பூத்துப்போன கேள்வியில் சொல்கிறேன்.

திறக்காத தட்டு ஒன்றையும் கூடவே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வளர்க்க வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய ரிசல்ட் அத்தனையும் குப்பைதான்.

"இன்குபேட்டர் எதுக்கு? நம்ம ஊரு சூட்டுக்கு வெளியவே வச்சா வளராதா?"

வளரும், அதுதான் பிரச்சினை. சித்திரையில் அறைக்குள்ளேயே 35, 36 டிகிரி. பூஞ்சைத் தட்டுக்கு வேண்டியது 25. சூட்டில் பல பூஞ்சைகள் எழும்பாது, தட்டு காலியாக இருக்கும், மார்கழியில் அதே கூடத்தில் எண்ணிக்கை பல மடங்கு வரும். இன்குபேட்டர் என்பது தட்டை ஒரே சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி. ஆக, குளிரவும் செய்கிற பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். சூடாக்க மட்டும் தெரிந்த இன்குபேட்டர் நம் ஊர்க் கோடைக்குப் பிரயோஜனமில்லை. கரண்ட் போன நேரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

"காத்தை உறிஞ்சி எடுக்க மெஷின் இருக்காமே. அது வாங்கணுமா, தட்டே போதுமா?"

இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் 1 மீட்டர் கீழே இறங்க ஐந்தரை நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். அப்படியானால் 1 மணி நேரம் வைத்த தட்டில் விழுவது பெரும்பாலும் கனமான துகள்தான்: மாவுத்தூசி, தோல் செதில், சாக்குத் தூசி. மிதந்துகொண்டே இருக்கிற சின்ன வித்துகளைத் தட்டு அதிகம் பிடிக்காது. மெஷின் ஒரு குறிப்பிட்ட அளவு காற்றை இழுத்து, சல்லடை ஓட்டை வழியாக அகாரில் மோத வைக்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் கைமெஷின் என்றால் 10 நிமிடத்தில் 1 கன மீட்டர். கணக்கு நேராக வரும்.

மெஷினிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 400 ஓட்டை உள்ள சல்லடையில் ஒரே ஓட்டை வழியாக இரண்டு மூன்று விழுந்தாலும் ஒரு காலனியாகத்தான் தெரியும். அதற்குத் திருத்த அட்டவணை கூடவே தருவார்கள்: 200 எண்ணினால் உண்மையில் சுமார் 277. பலர் அட்டவணையைப் பிரிப்பதே இல்லை.

என் யோசனையைக் கேட்டால், பத்து இருபது ஆள் வேலை பார்க்கும் யூனிட்டுக்குத் தட்டே போதும். உங்கள் சரக்கின் மேல் என்ன விழுகிறது என்பதைத் தட்டு நேரடியாகக் காட்டுகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை மெஷின் உள்ள ஆய்வுக்கூடத்தை வரச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். ஃபில்டர் போட்ட மூடிய அறையில் பால், ஜூஸ், தண்ணீர் நிரப்புகிறவர்களுக்கு மெஷின் அவசியம். அங்கே தட்டில் வருவதே ஒன்றோ இரண்டோ. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"சரி, எத்தனை காலனி வந்தா பாஸ்? சட்டத்துல எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதிலைக் கேட்டு எல்லோரும் முகம் சுளிப்பதும் இதற்குத்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2011 உரிம விதிகளில் நான்காம் அட்டவணை, அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குக் காற்று வரக் கூடாது, தேவையான இடத்தில் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் வேண்டும் என்கிறது. உணவுக் கூடத்துக் காற்றில் இத்தனை காலனிக்கு மேல் போகக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் அதில் இல்லை. ரிப்போர்ட்டில் 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று ஒரு எண்ணை அச்சடித்துக் கொடுத்தால், அது எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். மருந்துக் கம்பெனி அளவை எடுத்து அல்வாக் கடைக்குப் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சும்மா ஒரு பிடிமானத்துக்கு என்றால், இத்தாலிய ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட, காற்றின் கிருமி மாசைத் தரம் பிரிக்கும் ஐ.எம்.ஏ. அளவுகோல் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று ஒன்று முறையில் வைத்த தட்டுக்கு: 5 வரை மிக நல்லது, 25 வரை நல்லது, 50 வரை பரவாயில்லை, 75 வரை மோசம், அதற்கு மேல் மிக மோசம். ஆனால் கோதுமை ரவை கொட்டும் அறை எந்தக் காலத்திலும் 25-க்குள் வராது, வரவும் வேண்டாம். பேக்கிங் அறையில் 40 வந்தால் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

உங்கள் எண் உங்கள் கூடத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு இடத்தில் இருபது தடவை வைத்து, எண்களைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். கடைசிக்கு முந்தைய எண்தான் உங்கள் எச்சரிக்கைக் கோடு. ஒரு தடவை அதைத் தாண்டினால் மறு தட்டு வையுங்கள், தொடர்ந்து இரண்டு தடவை தாண்டினால் காரணம் தேடுங்கள்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா வைக்கணும்?"

முதல் நான்கைந்து மாதம் வாரா வாரம், இருபது எண் சேரும் வரைக்கும். பிறகு சரக்கு திறந்து கிடக்கும் இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மற்ற இடத்தில் மாதம் ஒரு தடவை. கட்டட வேலை, புது ஏ.சி., மேற்கூரை ஒழுகினது என்று ஏதாவது நடந்தால் அதற்கென்று தனியாக. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வெளியே ஒரு தட்டு கட்டாயம். வெளியே 80, உள்ளே 30 என்றால் சுவரும் கதவும் வேலை செய்கின்றன. வெளியே 20, உள்ளே 60 என்றால் ஊற்று உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

"நாங்க தட்டுதான் வச்சோம். ரிப்போர்ட்ல ஒரு கன மீட்டருக்கு 1,570-னு வந்திருக்கு. எப்படி?"

ஒமெலியான்ஸ்கி சூத்திரம் போட்டிருப்பார்கள். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 5 நிமிடத்தில் விழுவதும் 10 லிட்டர் காற்றில் இருப்பதும் சமம் என்பது அதன் ஊகம். உங்கள் தட்டு சுமார் 63.6 சதுர சென்டிமீட்டர், 15 நிமிடம், 30 காலனி. கணக்குப் போட்டால் 1,570 பக்கம் வரும். கணக்கில் தப்பில்லை, ஊகத்தில்தான் தப்பு. பெரிய துகள் வேகமாகவும் சின்னது மெதுவாகவும் விழும் என்று மெஷின் பற்றிய பதிலில் பார்த்தோமே, அதை இந்தச் சூத்திரம் கண்டுகொள்வதில்லை. '30 காலனி, 15 நிமிடம்' என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். மெஷின் எண்ணோடு இதை ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

"ராத்திரி எல்லாரும் போன பொறவு வச்சா சூப்பரா வருது. அதையே ஃபைல்ல வச்சுக்கிடலாம்லா?"

வைத்துக்கொள்ளலாம், 'ஆள் இல்லாத நேரம்' என்று எழுதி. அதற்கும் ஒரு உபயோகம் உண்டு. ராத்திரியும் அதிகமாக வந்தால் ஆளைக் குறை சொல்ல முடியாது, ஏ.சி., சுவர், சாக்கடை என்று பார்க்க வேண்டும். ஆனால் ராத்திரியில் அல்வா வெட்டுவதில்லையே. வேலை உச்சத்தில் இருக்கும்போது, தீபாவளிக்கு முந்தின வாரம் பத்துப் பேர் நிற்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து பேர் நின்று பொட்டலம் கட்டும்போது வைத்த தட்டுதான் உங்களுக்கு ஏதாவது சொல்லும். அந்த வாரம் மட்டும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

"கறுப்பா ஒண்ணு, பச்சையா ஒண்ணு, ஆரஞ்சுல ஒண்ணு. எது பயப்படணும்?"

கறுப்புப் பொடி தூவின மாதிரி இருந்தால் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத் தோலில் இருக்கும் கறுப்பும் அதுதான். வெங்காயச் சாக்கு பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். நீலப்பச்சையில் வெள்ளை ஓரம் பெனிசிலியம்: ஈரச்சுவர், அட்டைப்பெட்டி. மஞ்சள் கலந்த பச்சை ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஆக இருக்கலாம். நச்சு உண்டாக்கும் ரகங்கள் அதில் இருப்பதால் கடலை வைத்திருக்கும் கூடத்தில் அதை லேசாக எடுக்க மாட்டேன், கடலை மூட்டையையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வேன். மஞ்சள் மணி மாதிரி உருண்டைக் காலனி அநேகமாக மைக்ரோகாக்கஸ், நம் தோலிலிருந்து வருவது. தலைமூடி, சட்டை, ஆள் நெருக்கம் பாருங்கள். தட்டையாக வெள்ளையாகப் படர்ந்தால் பேசில்லஸ், மண்ணும் தூசியும். கண்ணால் பார்த்துச் சொல்வது யூகம்தான். உறுதியாக வேண்டுமானால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

ஆரஞ்சு நியூரோஸ்போரா என்றால் பேக்கரிக்காரர் அன்றைக்கே எழுந்து ஓட வேண்டும். ஒரு ரொட்டித் துண்டு அடுப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்தால் போதும், இரண்டு நாளில் ஆரஞ்சுப் பொடி கட்டிவிடும். அதைத் தட்டினால் கூடம் முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் அமுக்கி மூடி எடுங்கள். விளக்குமாறு கிட்டே கொண்டு போகாதீர்கள்.

"ஒரு தட்டுல மட்டும் கோடு போட்ட மாதிரி வரிசையா காலனி. இது என்ன வியாதி மேடம்?"

எறும்பு. ஒரு மிட்டாய்க் கடைப் பின்கட்டில் நடந்தது. அகாரில் ஓரமாக ஏறி, நடுவில் ஒரு வட்டம் போட்டு, எதிர்ப்பக்கம் இறங்கியிருக்கிறது. கால் வைத்த இடமெல்லாம் மூன்றாம் நாள் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. அதைக் காற்று எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. ஆனால் அந்த எறும்பு அல்வாத் தாம்பாளத்திலும் அதே காலோடுதான் நடந்திருக்கும். தட்டைத் தூக்கிப் போடாமல் வேலை பார்க்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் பேசின எந்த வகுப்பும் அந்த அளவுக்கு ஏறினதில்லை.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம். கிருமி பறக்காதா? நாங்க என்ன பண்ண முடியும்?"

செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் தென்காசிக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, நமக்குத் தூசியை மட்டும் கொண்டுவரும். சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றுகிற மாதமெல்லாம் தட்டிலும் பேசில்லஸ் ஏறும். பங்குனியில் பிசான அறுவடை. அறுவடை மெஷின் ஓடுகிற வயலுக்குப் பக்கத்து யூனிட்டில் பூஞ்சைத் தட்டைப் பார்த்தால் தெரியும். அதனால்தான் வெளித்தட்டு கட்டாயம் என்றேன். ஆடி எண்ணை ஆடியோடுதான் ஒப்பிட வேண்டும்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மேற்குப் பார்த்த கதவை அந்தக் காற்று மாதங்களில் அடைத்துவிட்டுக் கிழக்கு வாசலைப் பயன்படுத்துங்கள். சரக்கு இறக்குகிற ஷட்டருக்கும் பேக்கிங் அறைக்கும் நடுவில் இரண்டு கதவு, ஒன்று மூடின பிறகே மற்றது. எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் நாலு போட்டு, உள்ளே காற்று வர வழி வைக்காவிட்டால் அது கதவு இடுக்கு, சாக்கடைக் குழி என்று கிடைத்த சந்தில் எல்லாம் இழுக்கும். ஊதுபத்தியைப் பொருத்திக் கதவு இடுக்கில் பிடியுங்கள். புகை பேக்கிங் அறைக்குள்ளே போனால் காற்று தப்பான திசையில் ஓடுகிறது.

"ஏ.சி. போட்டுட்டோம். இனி சரியாயிரும்லா?"

சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை வடிகட்டிக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. உள்ளே குளிர்ந்த சுருள், அதில் ஈரம், ஈரத்தில் மாவுத்தூசி. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? போன வருஷம் ஒரு கூடத்தில் ஏ.சி. நின்றிருக்கும்போது 12, போட்டு ஐந்து நிமிடத்தில் வைத்த தட்டில் 70. வடிநீர்த் தட்டைக் கழற்றினால் கறுப்புக் குழம்பு. மாதம் ஒரு தடவை சுருளும் வடிநீர்த் தட்டும் கழுவ வேண்டும், ஏ.சி. காற்று நேரே தாம்பாளத்தில் அடிக்கக் கூடாது.

உண்மையாகவே சுத்தக் காற்று வேண்டுமென்றால் வடிகட்டின காற்றை உள்ளே தள்ளி, அறையில் வெளியைவிடக் கொஞ்சம் அழுத்தம் கூட வைக்க வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் அதற்குத்தான். அல்வாவுக்கு அதெல்லாம் தேவையில்லை. நல்ல சாதாரண ஃபில்டரும் ஒழுங்காக மூடுகிற கதவும் போதும்.

"நீல லைட் போட்டிருக்கோம், அது கிருமியைக் கொன்னுருமே?"

போய்ப் பார்த்தால் முக்கால்வாசி இடத்தில் அது ஈ பிடிக்கிற லைட். அது ஈயை இழுக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமியைக் கொல்வது 254 நானோமீட்டர் யூ.வி. விளக்கு. அதுவும் வெளிச்சம் நேராகப் படுகிற இடத்தில் மட்டும். மேசைக்கு அடியில், நிழலில், தூசி படிந்த குழாயில் பலிக்காது. நீலமாக எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆள் இருக்கும்போது போடவே கூடாது, கண்ணும் தோலும் போய்விடும்.

ஃபார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கலந்து புகை போடுவது பழைய ஆஸ்பத்திரிப் பழக்கம். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்துவிட்டது. உணவுக் கூடத்துக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

"நல்லா கழுவி விட்ட அன்னைக்குத்தான் அதிகமா வருது. இது என்ன நியாயம்?"

பிரஷர் ஹோஸ் வைத்துச் சாக்கடை மூடியைப் பார்த்து அடித்திருப்பீர்கள். அந்த வேகத்தில் சாக்கடையில் இருப்பதெல்லாம் சன்னத் துளியாகக் கிளம்பி மேசை உயரத்துக்கு வந்துவிடும். லிஸ்டீரியா மாதிரி ஈர இடத்தில் குடியிருக்கும் கிருமி சரக்குக்கு ஏறுகிற வழி அது. சாக்கடையைத் தேய்த்துக் கழுவுங்கள், அழுத்தத் தண்ணீர் வேண்டாம். சரக்கு திறந்திருக்கும்போது கழுவுவதே கூடாது. கழுவி முடித்துத் தரை காய்ந்த பிறகு, ஒரு மணி நேரம் விட்டு வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த மாவைக் கூட்டுவதும் இதே மாதிரித்தான்.

"நாங்க இட்லி மாவு போடுதோம். புளிக்கிறதே கிருமியாலதானே, எங்களுக்கு எதுக்கு இந்தத் தட்டு?"

நியாயமான கேள்வி. மாவுக் கூடத்துக் காற்றில் புளிப்பு பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இருக்கத்தான் செய்யும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. பூஞ்சைத் தட்டை மட்டும் பாருங்கள். அதிலும் வழுவழுப்பான ஈஸ்ட் காலனியை விட்டுவிட்டுப் பஞ்சும் பொடியுமாக இருப்பதை மட்டும் எண்ணுங்கள். மாவு பாக்கெட்டின் மேல் மூலையில் இளஞ்சிவப்புப் புள்ளி வருகிறது என்று கம்ப்ளெயிண்ட் வந்தால், இளஞ்சிவப்பு ஈஸ்ட் காலனிகளையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள்.

"பவுச்சை ஊதி விரிக்க கம்ப்ரெஸர் காத்து. அதையும் பாக்கணுமா?"

அறைக் காற்றுக்கு முன்னாலேயே அதைத்தான் பார்க்க வேண்டும். அது நேரே பொட்டலத்துக்குள் போகிற காற்று. கம்ப்ரெஸர் டாங்கியின் அடிக்குழாயைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தினமும் தண்ணீரை இறக்குங்கள், ஊதுகிற முனைக்குப் பக்கத்திலேயே ஒரு நுண்ஃபில்டர் போடுங்கள். சோதிக்கும்போது காற்றை நேரே தட்டில் அடிக்காதீர்கள். அகார் கிழிந்து போகும். வேகத்தைத் தணிக்கிற இணைப்பு வைத்து மெஷினில் எடுக்க வேண்டும்.

"வெள்ளம் வந்து வடிஞ்சு, வெள்ளையும் அடிச்சாச்சு. இன்னும் ஏன் தட்டு பச்சையா வருது?"

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்த பிறகு மூன்று நான்கு மாதம் இந்தக் கேள்விதான். ஈரச்சுவரின் மேல் வெள்ளையடித்தால் பூஞ்சை உள்ளே இருந்துகொண்டே வளரும், பொருக்கு உதிரும்போது காற்றில் வரும். பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் காய்ந்த பிறகு பூச வேண்டும். நனைந்த ஜிப்சம் பலகை, தெர்மாகோல் தடுப்பு, மரச்சட்டம் இதையெல்லாம் காய வைத்துப் பயனில்லை, வெளியேற்றுங்கள்.

"தட்டெல்லாம் சுத்தம். ஆனா அல்வா பத்தாம் நாள் பூத்துப்போச்சு. அப்போ தட்டு பொய் சொல்லுதா?"

தட்டு பொய் சொல்லவில்லை, நாம் தப்பான தட்டை வைத்தோம். சீனியும் நெய்யும் கூடின சரக்கில் வளர்வது வறட்சி தாங்குகிற பூஞ்சைகள். தண்ணீர் தாராளமாக உள்ள சாதாரண அகாரில் அவை சரியாக எழும்பாது, அல்லது வேகமாக வளரும் மற்றவை அமுக்கிவிடும். கிளிசரால் சேர்த்துத் தண்ணீரைக் கட்டிப்போட்ட டி.ஜி. 18 தட்டில்தான் தலை காட்டும். அதில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, வித்து விழுந்தால் மட்டும் பூக்காது, ஈரமும் வேண்டும். ஒரு யூனிட்டில் பூத்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அல்வாவின் நடுவில் ஒன்றுமில்லை; மேல்முகத்தில், கவரின் மடிப்புக்கு நேர் கீழே மட்டும் பச்சைக் கோடு. சூடு ஆறுமுன்னே கட்டியிருக்கிறார்கள். ஆவி கவரில் முட்டி, தண்ணீராகி, மடிப்பு வழியாக ஓடி அதே இடத்தில் சொட்டியிருக்கிறது. வெட்டுகிற கத்தியைத் துடைக்கிற ஈரத்துணியையும் பாருங்கள். அந்தத் துணியைத் தட்டில் ஒரு ஒற்று ஒற்றினால் எண்ணவே முடியாது.

"ஒரே ஒரு தட்டு 110 வந்துட்டு. சரக்கை நிறுத்தணுமா மேடம்?"

சரக்கைக் காற்றுத் தட்டு மட்டும் வைத்து நிறுத்துவதில்லை, விடுவதும் இல்லை; சரக்கையே சோதித்துத்தான் முடிவு. முதலில் திறக்காத தட்டு சுத்தமா, வெளித்தட்டு எவ்வளவு, அன்றைக்கு யார் வேலை பார்த்தார்கள், பக்கத்தில் யாராவது சாக்கு உதறினார்களா என்று நோட்டைப் பாருங்கள். அதே நாள் சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். மறுநாள் அதே இடத்தில், அதே நேரத்தில் இரண்டு தட்டு வையுங்கள். அதில் 15, 18 என்று வந்தால் எழுதி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மறுபடியும் 100 என்றால் என்னைக் கூப்பிடுங்கள். அந்த 110 தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டால் 121 டிகிரியில் ஆட்டோகிளேவில், அதாவது ஆய்வுக்கூடத்துப் பிரஷர் குக்கரில், வேக வைத்து நானே போட்டுவிடுகிறேன்.